ஓசிமீனும் லெரின் அண்ணன் தட்டும்

சவேரியார்துறைக்கு ஓசிமீன் வந்தது ஒரு திங்கக்கிழமை காலைல. ஞாயித்துக்கிழமை எங்க ஊர்ல யாரும் கடலுக்குப் போக மாட்டாவ, ஒரு நாள் பூரா தொந்தரவு இல்லாம கெடந்த கடல் மறுநாள் தாராளமா குடுக்கும்னு எல்லாருக்கும் ஒரு நெனப்பு, அந்த நெனப்போட சாளை மீனுக்குப் போன பைபர் படகு அத்தனையும் சாளை இல்லாம திரும்பி வந்துச்சு, அத்தனை வலையிலயும் ஒரே மீனு, ஒரே நீளம், ஒரே பச்சை முதுகு, ஒரே ஆரஞ்சு வாலு, இடது கண்ணுக்குக் கீழ ஒரே இடத்துல ஒரே வெள்ளைப் புள்ளி, அதுபோக எல்லாத்துக்கும் லேசா சிரிச்ச மாதிரி ஒரே மூஞ்சி. எங்க லெரின் அண்ணன் வலைல இருந்து முதல் மீனைக் கழட்டுனப்ப அவன் ரெண்டு கையும் அவனைக் கேக்காமலே தலைக்கு மேல போச்சு, மீனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னான், எங்க இருந்தோ டொட்ட டொட்ட டொய்ங்னு ஒரு பாட்டு வந்துச்சு, பாட்டு முடிஞ்சதும் கை தானா எறங்குச்சு. பக்கத்துப் படகுலயும் அப்படித்தான், அதுக்கு அடுத்த படகுலயும் அப்படித்தான். கரைல நின்ன பொம்பளைங்க, என்ன இது எல்லாரும் பூசைல நிக்குத மாதிரி நிக்கானுவன்னு சொல்லிச் சிரிச்சுட்டு, கூடையை எடுத்துக்கிட்டுத் தண்ணிக்குள்ள எறங்கிட்டாவ.

அண்ணன் ஒன்னை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினான். கூடவே, "ஏட்டி ஜெபிலா, இது நம்ம இதுதான?"

நம்ம இதேதான்! செருப்புகூடப் போடாம கரைக்கு ஓடுனேன்!

வெளியூர்க்காரங்களுக்குப் புரியணும்னா முதல்ல கேமைச் சொல்லணும். ஏழு தீவுன்னு நாங்க கூப்பிடுத ஒரு போன் கேம், உண்மைப் பேரு என்னன்னு யாருக்கும் தெரியாது, உள்ள இருக்கது எந்த நாட்டு எழுத்தோ, ஆனா எங்க ஊர்ல இளவட்டம் எல்லார் போன்லயும் இருக்கு. ஒரு பையன், ஒரு படகு, ஒரு வாளு, தீவு தீவா போயி பூதத்தை அடிக்கணும். மேல சிவப்பா லைஃப் வரிசையா இருக்கும், பூதம் அடிச்சா குறையும், குறைஞ்சா தூண்டில் போட்டு மீன் பிடிச்சுத் திங்கணும். மீன் மாட்டுனதும் அந்தப் பையன் அதைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிப்பான், டொட்ட டொட்ட டொய்ங்னு பாட்டு வரும். பொன்னுச் சுறா, கண்ணாடித் திருக்கைன்னு பெரிய பெரிய மீனெல்லாம் உண்டு, அதுக்கு ஆசைப்பட்டு விரல் வலிக்க வலிக்கத் தூண்டில் போட்டா வாரது எல்லாம் இந்த ஒன்னுதான், கடல்ல போட்டாலும் வரும், குட்டைல போட்டாலும் வரும், கெணத்துல போட்டாலும் வரும், தின்னா ஒரு லைஃப்ல கால்வாசி மட்டும் ஏறும். அதனாலதான் ஓசிமீன்னு பேர் வச்சோம். ஒருத்தரும் மதிக்க மாட்டோம், பிடிச்ச வேகத்துல திருப்பித் தண்ணில எறிஞ்சுருவோம். அது இப்ப எங்க அம்மா அருவாமனைக்கு முன்னால கூடை கூடையா சிரிச்சுக்கிட்டுக் கெடக்கு!

ஏலக்கூடத்துல அதை யாரும் கேக்கல. ஏலக்காரர் தொண்டை கிழியக் கத்துனாரு, தூத்துக்குடில இருந்து வந்த வியாபாரி ஒருத்தர் சரி என்னதான் மீனுன்னு பாப்போம்னு ஒன்னை எடுத்தாரு, எடுத்ததும் ரெண்டு கையும் மேல போயி டொட்ட டொட்ட டொய்ங், அவருக்கு வெக்கமாப் போயி வண்டியை எடுத்துட்டுக் கெளம்பிட்டாரு. விக்காத மீன் கறிமீனா வீட்டுக்குப் போவுதது எங்க ஊர் வழக்கம், அதனால எல்லா வீட்டுக்கும் போச்சு. ஒவ்வொரு மீனையும் எடுக்கும்போது பாட்டு முடியுத வரைக்கும் கையைத் தூக்கிக்கிட்டே நிக்க வேண்டியிருந்ததுனால அன்னைக்கு மீன் பிரிக்கதுக்கே பொழுது சாஞ்சுருச்சு, மறுநாள் எவனோ மண்வெட்டியால அள்ளிப் பாத்தான், மண்வெட்டிக்குப் பாட்டு வரல, அதுல இருந்து எல்லாரும் மண்வெட்டிதான். ஐஸ் வேண்டாம், அழுகாது. நாத்தம் கிடையாது, பூனை திரும்பிக்கூடப் பாக்கல. அருவாமனைல வெட்டுப்படாது, ஆனா காஞ்ச சட்டில போட்டா பொஃப்னு ஒரு புகை, புகை கலைஞ்சா மீன் பொன்னிறமா வெந்து கெடக்கும், மேல உப்பும் மொளகாத்தூளும் தூவிக்கிட வேண்டியதுதான்.

திங்கதுலதான் சங்கடம். வாய்க்குக் கிட்ட கொண்டு போனதும் தலை தானா ஆடுச்சு, வேண்டாம் வேண்டாம்னு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். எங்க அம்மாவுக்கு ஆடுச்சு, எனக்கு ஆடுச்சு, எதிர்வீட்டுல சட்டியைச் சுத்தி உக்காந்திருந்த மொத்தக் குடும்பத்துக்கும் ஆடுச்சு. கேம்லயும் அப்படித்தான், லைஃப் நிறைஞ்சிருந்தா அந்தப் பையன் மீனைத் திங்க மாட்டான், தலையை ஆட்டுவான். பல்லுவலில கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு அலைஞ்ச ஆலிஸ் டீச்சருக்கு மட்டும் வாய்க்குள்ள போச்சு, போனதும் வலி கால்வாசி போச்சு, இன்னொன்னு கேட்டு வாங்கித் தின்னாவ, வலி போனதும் அவுகளுக்கும் தலை ஆடிருச்சு. அதோட விசயம் ஊருக்கே தெரிஞ்சு போச்சு. குறை உள்ளவனுக்குத்தான் ஓசிமீன் எறங்கும்.

அப்ப தவக்காலம் நடந்துச்சு, வெள்ளிக்கிழமை கறி திங்கக்கூடாது, மீன் திங்கலாம், இது மீன் கணக்குல வருமான்னு பங்குச்சாமிட்ட போயிக் கேட்டாவ. ஃபாதர் மீனைக் கையில எடுத்து, கையைத் தூக்கி நின்னு, பாட்டு முடிஞ்சு எறக்குனதும், "வலைல வந்துச்சுல்லா? அப்ப மீனுதான்"ன்னுட்டாரு. அதுக்கு மேல யாரும் யோசிக்கல. படகுக்காரங்க ஏறுததுக்கு முன்ன ஆளுக்கு ஒரு கிள்ளு ஓசிமீன் குடுப்பாவ, எவனுக்கு எறங்குதோ அவனுக்குக் காச்சல் வரப்போவுதுன்னு அர்த்தம், அவனை வீட்டுக்கு அனுப்பிருவாவ. பள்ளிக்கூடத்துல வயித்து வலின்னு சொல்லுத பிள்ளைங்களுக்கு ஹெட்மாஸ்டர் ஒரு துண்டு நீட்டுவாரு, தலை ஆடுனா பரிச்சை எழுதணும்.

ஆனா இதை வச்சுப் பெரிய காரியம் பண்ணுனது எங்க ஊர்ப் பொம்பளைங்கதான். ஒரு சொட்டு தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணி, கர்த்தருக்குப் பயந்த பையன்னு பேர் வாங்கி ஒரு வெளியூர் மாப்பிள்ளை பொண்ணு பாக்க வந்தான், பொண்ணோட அம்மா காப்பிக்கு முன்னால ஓசிமீனைத் தட்டுல வச்சு நீட்டுனாவ, பையன் ஒன்னு விடாம தின்னுட்டு இன்னும் இருக்கான்னு கேட்டான். ஈரல் போயிருந்திருக்கு. அன்னைல இருந்து மாப்பிள்ளைக்குத் தட்டு வைக்காம எந்த வீட்டுலயும் பேச்சையே தொடங்குதது கிடையாது. தலை ஆடுனா காப்பி, எறங்குனா வாசல்.

இப்ப அண்ணன் கதைக்கு வாரேன். இருங்க, குக்கர் கத்துது.

வந்துட்டேன். எங்க லெரின் அண்ணனுக்குத் தெக்குத் தெரு ரெனிட்டாவைப் பிடிச்சிருந்துச்சு. ரெனிட்டா அவ அம்மாகூட கருவாட்டுக் களத்துல வேலை பாக்கா, வாயைத் தொறந்தா எதுரா நிக்கவனுக்குப் பதில் வராது, அப்படி ஒரு வாயி. மே மாசம் அண்ணன் தைரியமா போயி அவகிட்ட கேட்டான். அவ "பாக்கலாம்"னா. ஜூன்ல கேட்டான், பாக்கலாம். மழை வந்துச்சு, பாக்கலாம். அவன் கூட்டாளி விஜோ, "ஏல, அவ என்ன பேங்கு மேனேஜரா, பாக்கலாம் பாக்கலாம்னு அலைய விடுதா, விட்டுட்டு வால"ன்னு தினமும் சொல்லுவான், அண்ணன் கேக்கல. அக்டோபர்ல ஒரு நாள் ஜெபமாலை முடிஞ்சு வரும்போது அவளே வண்டியை நிறுத்தி "சரி"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிட்டா. அண்ணன் அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோத்துல தண்ணிக்குப் பதிலா மண்ணெண்ணெயை ஊத்தப் பாத்தான், அம்மா பிடுங்கிட்டாவ.

ரெனிட்டா அப்பா மச்சாது மாமா சங்கு குளிக்கவரு. தண்ணிக்கு அடில மூச்சடக்கி அடக்கி நெஞ்சு பீப்பா மாதிரி இருக்கும், பேச்சு கொஞ்சமா இருக்கும். எங்க வீட்டுல இருந்து ஆள் போயிக் கேட்டப்ப, "பையன் நல்ல பையன்தான். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வரட்டும், தட்டு வைப்போம்"னு மட்டும் சொன்னாரு. அண்ணனுக்கு அதுல ஒரு பயமும் கிடையாது, குடி கிடையாது, பீடி கிடையாது, தினம் படகுல ஏறும்போது கிள்ளு குடுத்தா முதல்ல ஆடுதது அவன் தலைதான்.

வெள்ளிக்கிழமை காலைல கிள்ளு குடுத்தாவ. அண்ணனுக்கு எறங்கிருச்சு.

படகுல ஏத்தாம அனுப்பிட்டாவ. வீட்டுக்கு வந்து அம்மாட்ட சொன்னான், அம்மா சட்டியைக் கீழ வச்சுட்டு வந்து, "ஊதுலே"ன்னாவ.

"எம்மா, நான் போயி..."

"ஊதுலேன்னா ஊது."

ஊதுனான். அம்மா மோந்து பாத்தாவ, திருப்தி இல்ல, என்னைக் கூப்பிட்டு, "ஏட்டி, நீ மோந்து பாரு"ன்னாவ. பேஸ்ட் வாசம்தான் வந்துச்சு. தர்மாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாவ, ரத்தம் எடுத்தாவ, படம் எடுத்தாவ, டாக்டரம்மா, "இந்த மாதிரி ஒரு உடம்பை நான் புஸ்தகத்துலதான் பாத்துருக்கேன்"னுட்டு அனுப்பிட்டாவ. வீட்டுக்கு வந்து ஒரு மீனை நீட்டுனோம். முழுசும் எறங்குச்சு.

அப்பத்தான் விஜோ அந்த யோசனையைச் சொன்னான், எங்க ஊர்க்காரங்களைத் தவிர வேற எவனுக்கும் வராத யோசனை. "குறை எதுன்னு தெரியாட்டி என்ன, குறையை நிறைச்சிருவோம். ஞாயித்துக்கிழமைக்குள்ள இவனுக்குத் தலை ஆடணும், அவ்வளவுதான? திங்க வைப்போம்." சனிக்கிழமை விடிஞ்சதுல இருந்து எங்க வடக்குத் தெரு மொத்தமும் இதே வேலையா நின்னுச்சு, ஒரு கூட்டம் கரைல மண்வெட்டியால அள்ளுது, ஒரு கூட்டம் தள்ளுவண்டில தள்ளிட்டு வருது, எங்க வீட்டு வாசல்ல மூணு அடுப்பு வச்சு பொஃப் பொஃப்னு புகை, எங்க அம்மா உப்பு தூவ, விஜோ ஊட்ட, அண்ணன் நார்க்கட்டில்ல சாஞ்சு தின்னு தின்னு தின்னு கண்ணு செருகிப் போயி, வயிறு நிறைஞ்சு தொண்டை வரைக்கும் வந்துருச்சு, ஆனா தலை மட்டும் ஆடல, கழுத்து தென்னை மரம் மாதிரி நிக்கி.

"ஏல, கொஞ்சமாவது ஆடுதா?"

"இல்லல."

"நீயா ஆட்டிப் பாரு."

ஆட்டுனான். அது ஆடுதது வேற, இது வேற. பாத்த எல்லாருக்கும் தெரிஞ்சுச்சு.

நான் பூராப் பொழுதும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன், சாயங்காலம் போல சட்டுனு பொறி தட்டுச்சு, தட்டுனதும் நான் கத்துன கத்துல அம்மா உப்பு டப்பாவைக் கீழ போட்டுட்டாவ. கேம்ல லைஃப் குறையுதது ஒரு வழி, ஆனா இன்னொரு வழி இருக்கு! ஒரு தீவுல பெரிய பூதத்தை அடிச்சுட்டா வரிசைல புதுசா ஒரு லைஃப் சேரும். அது நிறைஞ்சு வராது. காலியா வரும். வெறும் கோடு மட்டும் இருக்கும், உள்ள சிவப்பு இருக்காது, நாமதான் நிறைக்கணும். அந்தப் பையனுக்கு ஒரு காயமும் இருக்காது, ஆனாலும் மீன் எறங்கும், ஏன்னா முன்ன இருந்ததைவிட அவன் உயிரு பெருசாயிருக்கு.

"அண்ணனுக்கு ஒன்னும் குறையல! கூடிருக்கு!" ன்னேன். "அண்ணே, ரெனிட்டா உன்கிட்ட சரின்னு எப்ப சொன்னா?"

"புதன்கிழமை."

"வியாழக்கிழமை கிள்ளு தின்னியா?"

"வியாழக்கிழமை கடலுக்குப் போவல"ன்னான். காது ரெண்டும் செவந்து போச்சு அவனுக்கு.

விஜோ வாயைப் பொளந்துட்டான், அவனுக்குக் கேம் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. "கேமும் மண்ணாங்கட்டியும். நாளைக்கு அந்த மனுசன் முன்னால போயி இதைச் சொல்லுவியா நீ? பேசாம ஊட்டுட்டி"ன்னாவ. ஊட்டுனோம். பொழுது அடையுத வரைக்கும் ஊட்டுனோம். ஆடல.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு போனோம், அம்மா, அண்ணன், நான், விஜோ, அதுபோக வடக்குத் தெருல பாதிப் பேரு பின்னாலயே வந்து மச்சாது மாமா வீட்டு சன்னல்ல தொங்குதானுவ. மாமா வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலில நிமிந்து உக்காந்திருந்தாரு. ரெனிட்டா அம்மா அமலி அத்தை எங்களுக்கெல்லாம் சிரிச்ச மொகமா பாயை விரிச்சாவ. வழக்கப்படி முதல்ல வீட்டுக்காரர் தொட்டுக் காமிக்கணும், மாமா ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டு போனாரு, தலை கோயில் மணி மாதிரி டாண் டாண்ணு ஆடுச்சு. துண்டை வச்சுட்டுத் தட்டை அண்ணன் பக்கமா நகட்டுனாரு.

அண்ணன் எடுத்தான். அவன் மூஞ்சியைப் பாத்து எனக்கு அழுகையே வந்துருச்சு. வாய்க்குள்ள போச்சு. மென்னான். முழுங்குனான்.

சன்னல்ல தெக்குத் தெருக்காரன் ஒருத்தன், "எறங்கிருச்சுலே! எறங்கிருச்சு!"ன்னான். வடக்குத் தெருக்காரன், "வாயை மூடுல, உங்க ஆளு ஒருத்தனுக்குத் தட்டோட எறங்குச்சே மறந்துட்டியா"ன்னான். அமலி அத்தை விரிச்ச பாயைப் பாத்தாவ, எங்களைப் பாத்தாவ. மச்சாது மாமா மட்டும் மெதுவா, "என்னப்பா லெரின், உடம்புக்கு என்ன?"ன்னு கேட்டாரு.

"ஒன்னும் இல்ல மாமா."

"ஒன்னும் இல்லாமயா எறங்கும்?"

அம்மா என் தொடைல கிள்ளுனாவ, பேசாதன்னு. நான் எந்திரிச்சுட்டேன்! எனக்கு இருந்த படபடப்புல எல்லாத்தையும் ஒரே மூச்சுல கொட்டிட்டேன், ஏழு தீவு, பூதம், வரிசை, காலியா வார லைஃப், புதன்கிழமை ரெனிட்டா சொன்ன சரி, வெள்ளிக்கிழமை எறங்குன கிள்ளு, எல்லாம். "அண்ணனுக்கு வியாதி இல்ல மாமா, உங்க பொண்ணு சரின்னு சொன்னதுல அவன் உயிரு ஒரு சுத்து பெருசாயிருச்சு, அதுதான் இன்னும் நிறையல"ன்னேன். மாமா என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாரு. நல்லாத்தான் சொல்லிட்டோம்னு நெனச்சேன், உள்ளுக்குள்ள ஒரு குதி குதிச்சுக்கிட்டேன்.

அப்ப அமலி அத்தை கேட்டாவ. "அப்படின்னா எங்க பிள்ளைக்கும் எறங்கணும்லா? சரின்னு சொன்னது அவதான?"

எனக்கு அது தோணவே இல்ல. சத்தியமா தோணவே இல்ல.

ரெனிட்டாவைக் கூப்பிட்டாவ. பச்சைச் சேலை கட்டியிருந்தா, வந்து தட்டுக்கு முன்னால உக்காந்தா, யாரையும் நிமிந்து பாக்கல. ஒரு துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டு போனா.

தலை ஆடுச்சு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், வேண்டாம், வேண்டாம்.

இவனுக்கு உயிரு பெருசாயிருச்சு, அவளுக்கு ஒரு நூல்கூட ஏறல, அதை ஊர் முன்னால வெளிச்சம் போட்டுக் காட்டுனது நான். வாயைப் பொத்திக்கிட்டு இருந்திருந்தா வியாதிக்காரன்னு மட்டும்தான் சொல்லியிருப்பாவ. அம்மா என்னைக் கிள்ளக்கூட இல்ல. விஜோ சன்னலைப் பாத்து, "கெளம்புங்கல, என்ன வேடிக்கை"ன்னான். அண்ணன் எந்திரிச்சான், சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு, "வாரேன் மாமா"ன்னான்.

"உக்காருங்க"ன்னா ரெனிட்டா.

அவன் நிக்கான்.

"உக்காருங்கங்கேன்லா."

உக்காந்தான்.

"ப்பா, ஜெபிலா சொன்னது சரிதான். நானும் அந்தக் கேம் ஆடுதவதான், எனக்கும் தெரியும். எனக்கு அந்தக் காலி லைஃப் ஈஸ்டர் முடிஞ்ச உடனேயே வந்துருச்சு. களத்துக்கு ஐஸ் கட்டி ஏத்திட்டு வந்த வண்டி மண்ணுல மாட்டிக்கிட்டு நின்னப்ப, இவங்க வந்து தள்ளி விட்டுட்டு, ஒரு வார்த்தை பேசாம, கை வெறச்சுப் போயி ஊதிக்கிட்டே போனாங்க. மறுநாள் கருவாடு பெரட்டும்போது சும்மா ஒரு துண்டை வாயில வச்சேன், போயிருச்சு. பயந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன், அம்மாட்டகூடச் சொல்லல, ஒன்னும் இல்லன்னுட்டாவ. அப்புறந்தான் புரிஞ்சுச்சு. தினமும் யாரும் இல்லாதப்ப ஒன்னு, ரெண்டு தின்னுக்கிட்டே இருந்தேன். இவங்க வந்து கேட்டப்ப பாதிகூட நிறையல."

அண்ணனைப் பாத்துத் திரும்புனா. "பாதி உயிரை வச்சுக்கிட்டு உங்களுக்குச் சரின்னு சொல்ல எனக்கு மனசு வரல. அதான் பாக்கலாம், பாக்கலாம்னேன். செவ்வாக்கிழமை களத்துல வச்சு எனக்குத் தலை ஆடுச்சு. புதன்கிழமை வந்து சொல்லிட்டேன்."

விஜோ தரைல உக்காந்துட்டான். அவனை அறியாம, "பாக்கலாம்னா இதானா"ன்னான்.

அண்ணன் அவளையே பாக்கான். "எத்தனை மீனு?"ன்னு கேட்டான், அந்த நேரத்துல கேக்கதுக்கு அவனுக்கு அதுதான் வந்துச்சு.

"ஆமா, எண்ணிக்கிட்டா தின்பாவ"ன்னா ரெனிட்டா. "ஒரே நாள்ல மூணு அடுப்பு வச்சுத் தின்னியளாமே. நிறைஞ்சுச்சா?"

"இல்ல."

"நிறையாது."

சன்னல்ல பொம்பளைங்க எல்லாம் மூக்கை உறிஞ்சுதாவ. மச்சாது மாமா நாற்காலில அப்படியே இருந்தாரு, அவரு மூச்சு ரொம்ப நேரம் நிக்கும், அன்னைக்கும் நின்னுச்சு. அப்புறம் விட்டுட்டுச் சொன்னாரு, "சரி. எம் மக நிறைச்சுக்கிட்டுத்தான சரின்னு சொன்னா? பையனும் நிறைச்சுக்கிடட்டும். தினமும் கடல்ல இருந்து வந்ததும் இங்க வரட்டும், எங்க வீட்டுத் தட்டுலதான் திங்கணும், எங் கண்ணு முன்னால. தலை ஆடுத அன்னைக்குத் தேதி குறிப்போம்." அமலி அத்தை, "அதுக்குள்ள காப்பி ஆறிரும், இப்பக் குடிக்கலாமா"ன்னு கேட்டாவ. குடிச்சோம்.

அப்படித்தான் அண்ணன் தினமும் தெக்குத் தெருவுக்குப் போக ஆரம்பிச்சான். நானும் பாதி நாள் கூடவே போவேன். ஒரு மீனு, கூடிப்போனா ரெண்டு, அவசரப்படுத்த முடியாதுன்னு எல்லாருக்கும் புரிஞ்சு போச்சு. மாமா எதுரா உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாரு. முதல் வாரம் ஒன்னும் பேசல. அப்புறம், கடல் எப்படி இருந்துச்சுன்னு கேட்டாரு. அப்புறம், அது என்ன கேமு, காமின்னு போனை வாங்குனாரு. திருப்பிக் குடுத்தாரு, ஆனா கண்ணை எடுக்கல! சங்கு தேடுத கண்ணு இல்லையா, நாங்க வருசக்கணக்கா பாக்காத பொந்தெல்லாம் அவருக்குத் தெரியுது, "ஏல லெரின், அந்தப் பாறைக்குப் பின்னால பூதம் நிக்கான் பாரு, சுத்திப் போ, சுத்திப் போ"ன்னு கத்துவாரு, அண்ணன் தின்னுக்கிட்டே சுத்திப் போவான், ரெனிட்டா உள்ள இருந்து, "எனக்கு மாப்பிள்ளை பாக்காவளா, இவுகளுக்குக் கூட்டாளி பாக்காவளா"ன்னு கேப்பா. ஒரு நாள் அலை பெருசா இருந்து படகு திரும்ப நேரமாயிருச்சு, மாமா தட்டை மூடி வச்சுட்டுக் கரைக்கே வந்து நின்னாரு, ஏன் வந்தியன்னு கேட்டதுக்கு, "மீன் ஆறிப்போவுது"ன்னாரு.

திருவருகைக் காலம் வந்துச்சு, அப்ப எங்க கோயில்ல கல்யாணம் கிடையாது, அதனால யாருக்கும் அவசரம் இல்ல. கிறிஸ்மஸ் முடிஞ்சுச்சு. புது வருசம் பொறந்து நாலஞ்சு நாள் கழிச்சு ஒரு சாயங்காலம், அம்மா குடுத்து விட்ட முறுக்கை நான் அமலி அத்தைட்ட குடுத்துக்கிட்டு இருக்கேன், ரெனிட்டா தட்டைக் கொண்டு வந்து வச்சா, அண்ணன் ஒரு துண்டு தின்னான், ரெண்டாவது துண்டை எடுத்து வாய்க்குக் கொண்டு போனான்.

தலை ஆடுச்சு.

நாங்க யாரும் நம்பல. இன்னொரு தடவை கொண்டு போகச் சொன்னோம், இன்னொரு தடவை ஆடுச்சு, கழுத்தே கழண்டு விழுந்துருத மாதிரி ஆடுச்சு! நான் கத்துன கத்துல பக்கத்து வீட்டுல இருந்தெல்லாம் ஓடி வந்தாவ, விஜோவுக்குப் போன் போட்டா அவன் ஓன்னு அழுதான், ரெனிட்டா நிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னு சிரிக்கா, சிரிக்கா, நிறுத்தவே முடியல அவளுக்கு. அண்ணன் கையில அந்தத் துண்டை வச்சுக்கிட்டு என்ன செய்யன்னு தெரியாம மறுபடியும் தட்டுல வச்சான்.

அமலி அத்தை ஆணில இருந்து காலண்டரைக் கழட்டிக் கொண்டு வந்தாவ. மூணு ராசாக்கள் திருநாள் கழிஞ்சு வார திங்கக்கிழமை, அன்னைக்கு ஃபாதர் ஊர்ல இருக்காரு, அன்னைக்குன்னா ரெனிட்டா சித்தியும் பம்பாய்ல இருந்து வந்துருவா, மண்டபம் வேண்டாம், பள்ளிக்கூட மைதானத்துல பந்தல் போட்டுக்கிடலாம், பிரியாணி அண்டாவுக்கு இன்னைக்கே சொல்லணும், கல்யாணம் முடிஞ்சதும் வடக்குத் தெருவுல எந்த வீடு, அந்த வீட்டுல மேல ஓடு மாத்தணும்னு ஆளாளுக்குப் பேசுதாவ. மாமா எல்லாத்துக்கும் ம், ம்னுக்கிட்டே இருந்தாரு. "வடக்குத் தெருன்னா எட்டி நடந்தா பிள்ளையைப் பாத்துட்டு வந்துரலாம், என்னப்பா"ன்னு அமலி அத்தை அவருகிட்ட கேட்டாவ. ம்னாரு.

பேச்சு வாக்குல அவரு கை தட்டுக்குப் போச்சு. அண்ணன் வச்ச துண்டை எடுத்து வாயில போட்டாரு.

எறங்கிருச்சு.

அவரு மெல்லுதாரு. எல்லாரும் பாத்தோம். ரெனிட்டா சிரிப்பு நின்னு போச்சு. அமலி அத்தை காலண்டர்ல வச்ச விரலை எடுக்கவே இல்ல. மாமா மென்னு முடிச்சு, முழுங்கி, எல்லாரும் தன்னையே பாக்கோம்னு அப்பத்தான் அவருக்குத் தெரிஞ்சுச்சு.

"உப்பு கொஞ்சம் கம்மி"ன்னாரு.

ரெனிட்டா உள்ள போயி உப்பு எடுத்துட்டு வந்து பக்கத்துல உக்காந்தா. மாமா உப்பு போட்டுக்கிடல. இன்னொரு துண்டை எடுத்தாரு.